தலைவரின் கையெழுத்து

நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், எட்வர்ட் தலைவர் கையெழுத்துப் போடாமல் ஓர் இலைகூட அசையாது. இது எட்வர்ட் தலைவரின் அபிப்பிராயம். தொழிற்சங்கத் தலைவரான நாள்முதல், முன்னால் எந்தத் தாளை வைத்தாலும் போட்டுவிடுவார்: பெரிய சுழி ஒன்று, கீழே இரட்டைக் கோடு, ஓரத்தில் இரண்டு புள்ளி.

பிரதேச சபைத் தேர்தலில் சீப்புச் சின்னத்தில் நின்றபோது தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பாடம் நடத்தினார். சீப்புக்கு நேரே புள்ளடி, அந்தப் பெருக்கல் குறி மட்டும். வேறொரு கீறலும் கூடாது. கைநாட்டு வைக்கும் ஆட்களுக்கு இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

வாக்களிப்பு முடிந்ததும் தோட்டப் பாடசாலையிலேயே எண்ணினார்கள். எதிர் வேட்பாளர் சஜீவனி, ஹாலிஎலயிலிருந்து புதிதாக வந்த பாலர் பாடசாலை ஆசிரியை. எண்ணி முடித்தபோது இருவருக்கும் சரிசமம். சந்தேகம் என்று ஒதுக்கிவைத்த ஒரேயொரு சீட்டு மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி இரகுநாதன் அதை நிமிர்த்தினார். சீப்புக்கு நேரே புள்ளடி. எட்வர்டுக்கு மூச்சு திரும்பியது. அதிகாரியின் விரல் கீழே நகர்ந்தது. பெரிய சுழி. இரட்டைக் கோடு. இரண்டு புள்ளி.

காலையில் வாக்களிக்க மறைப்புக்குள் நின்றது எட்வர்டுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேசை, தாள், பேனை. மூன்றையும் கண்ட கை, வழக்கமான வேலையைச் செய்திருந்தது.

"சும்மா கீறல் எண்டால் எண்ணலாம். ஆளை அடையாளம் காட்டினால் செல்லாது. இது ஆரின்ர எண்டு ஆருக்கும் தெரியுமோ?" என்று கேட்டார் அதிகாரி.

சஜீவனி எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எட்வர்டின் சார்பில் எண்ணிக்கை பார்க்க வந்திருந்த கொழுந்துக்காரி அந்தோனியம்மாவின் வீட்டுப் பெட்டியில் அந்தக் கையெழுத்துப் போட்ட கடிதங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. அவள் தாளை உற்றுப் பார்த்தாள். எட்வர்டின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"தெரியலீங்க ஐயா. ஏதோ பிள்ளைக் கிறுக்கலு மாதிரி இருக்கு."

அதிகாரி தலையசைத்தார். சீட்டு, சீப்புக்கு விழுந்த வாக்குகளின் கட்டுப் பக்கம் நகர்ந்தது. எட்வர்ட் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடித்தான் இருந்தார். தொண்டைதான் கேட்கவில்லை.

"கிறுக்கலா, அக்கா? பதுளைக் கச்சேரி ஆபீசருங்களே இந்தக் கையெழுத்தப் பாத்தா எந்திரிச்சு நிப்பாங்க."

சீட்டு பாதி வழியில் நின்றது.

அந்தோனியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி சீட்டை நிராகரித்தவற்றோடு வைத்தார். பிறகு திருவுளச்சீட்டுப் போட்டார்கள். சஜீவனியின் பெயர் வந்தது.

கடைசியில் அதிகாரி பெறுபேற்றுத் தாளை எட்வர்ட் பக்கம் தள்ளி, பேனையை நீட்டினார். எல்லாரும் அந்தக் கையையே பார்த்தார்கள். எட்வர்ட் பேனையைத் தொடவில்லை. மைப்பெட்டி இருக்கிறதா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பிறகு அந்தோனியம்மாவின் பக்கம் குனிந்தார்.

"எந்த வெரலு, அக்கா?"

"எடது பெருவெரலுங்க தலைவரே," என்றாள் அவள். "ரொம்ப அமுக்காதீங்க, அப்பிக்கும்."