மூன்று குத்து

தலையணையிலிருந்து தலையை நாலு விரல் தூக்கினால் போதும், அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போகிறது. படுத்தால் ஒன்றுமில்லை, உட்கார்ந்தால் உயிர் போகிறது. சிசேரியன் முடிந்து இது மூன்றாம் நாள். பக்கத்தில் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. அன்று அவளுக்கு முதுகில் மயக்க ஊசி போட்ட டாக்டரம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். இது என்ன வலி என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"புள்ளையத் தூக்கச் சொன்னா மட்டும் தலை வலிக்குதாம். நாங்கல்லாம் பெத்துக்கலையா டாக்டர்?" என்றாள் மாமியார்.

"தாள்ல ஊசியால தலைவலி வர வாய்ப்பு கம்மின்னு இருந்துச்சு டாக்டர். அதான் தூக்கம் இல்லாத வலின்னு சொல்லிட்டேன்" என்றாள் நர்ஸ்.

அந்தத் தாளே டாக்டரம்மா உண்டாக்கியதுதான். வயது, எடை, ஊசியின் பருமன், எத்தனை முறை குத்தியது என்று கட்டம் கட்டமாக நிரப்பிக் கூட்டினால், யாருக்குத் தலைவலி வரும் என்று முன்கூட்டியே தெரியும். டாக்டர்கள் கூட்டத்தில் காட்டிக் கைதட்டல்கூட வாங்கியிருந்தாள். இவளுக்குக் குத்தியது மூன்று முறை, எழுதியது ஒன்று. சரியாக இறங்கிய குத்தை மட்டும் எழுதுவது அங்கே எல்லார் கையிலும் ஊறிய பழக்கம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நெஞ்சு கேட்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

கட்டிலருகே உட்கார்ந்தாள். "இது தூக்கத்தால வந்ததில்லம்மா. ஊசி குத்துன இடத்துல முதுகுத்தண்டு நீர் கசியுது. நான் அன்னைக்கு..."

"மூணு தடவ டாக்டர்" என்றாள் அந்தப் பெண், கண்ணைத் திறக்காமல். "பயத்துல எண்ணிக்கிட்டே இருந்தேன். நேத்து சொன்னேன், தாள்ல ஒண்ணுதான் இருக்குன்னாங்க. எனக்குத்தான் புத்தி கலங்கிடுச்சோன்னு பேசாம இருந்துட்டேன்."

டாக்டரம்மாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"மூணுதாம்மா. நான்தான் தப்பா எழுதினேன்." மாமியார் பக்கமும் திரும்பிச் சொன்னாள். "அவ நடிக்கல. இன்னைக்கே வைத்தியம் ஆரம்பிச்சுடலாம்."

மாமியார் பிள்ளையை எடுத்து மருமகளின் மார்போடு சாய்த்து, அதன் தலையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். அழுகை நின்றது.

டாக்டரம்மா நர்ஸ் மேசைக்குப் போய், அவளுடைய தாளில் ஒன்றை அடித்து மூன்று என்று எழுதிக் கையெழுத்திட்டாள். ஃபைலை மூடப் போனவள், அதற்கு முந்தைய தாளைப் பார்த்தாள். ஒன்று. அதற்கு முந்தையதிலும் ஒன்று. மூன்று மாதத் தாள்கள். பாதி அவள் கையெழுத்து. எத்தனை முறை குத்தியது என்ற கட்டத்தில் ஒன்று, ஒன்று, ஒன்று. விரல் நுனியில் எச்சில் தொட்டு அடுத்ததைப் புரட்டினாள்.