கிணற்றிலிருந்து ஏறி வந்தவள்

தம்பிக்குக் கதை எழுத்தாளன் என்று பெயர். பெயர்தான் அவனுடையது, சரக்கு முழுக்க அக்காவுடையது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் தையல் மிஷின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். அவள் சட்டைக் காலர் தைத்துக்கொண்டே, அம்மா சொன்ன பழங்கதைகளை எடுத்துவிடுவாள். அரக்கனை வீட்டு ஓனராக்கி, காட்டைக் கம்பெனியாக்கி, இவன் சிறுகதை பண்ணிப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவான். கெட்டிக்காரன்தான், யார் இல்லை என்றது!

கிணற்றுக் கதையும் அப்படி வந்ததுதான். தண்ணீர் எடுக்கப் போகிற சிறுமியிடம் கிணறு முதல் நாள் கொலுசைக் கேட்கிறது. மறுநாள் ரிப்பனை. மூன்றாம் நாள் அவளையே கேட்கிறது. அக்கா சொன்ன கதையில், உள்ளே விழுந்தவள் கல்லிடுக்கில் கால் வைத்து மேலே ஏறி, சொட்டச் சொட்ட வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

தம்பிக்கு அம்மா சொன்னது நன்றாக நினைவிருந்தது. அதில் அவள் ஏறி வரவே மாட்டாள். அக்காவுக்கு மறந்துபோச்சு என்று நினைத்துக்கொண்டான். அக்காவின் ஒரே மகள் குட்டையில் மூழ்கிப் போய் மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அது அந்த மடையன் மண்டையில் ஏறவே இல்லை. பழைய முடிவையே எழுதி அனுப்பினான்.

கதை அச்சில் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையோடு ஓடி வந்தான். மிஷின் ஓடவில்லை. அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"படிச்சிட்டேன்" என்றாள்.

"முடிவை மட்டும் சரி பண்ணிட்டேன்க்கா. அம்மா சொன்னது..."

"அம்மா சொன்னது எனக்குத் தெரியாதாடா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"ஐயோ, அக்கா... புத்தகமா வரப்ப மாத்திடறேன். சத்தியமா."

"நீ மாத்துவ. நேத்து பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்லிட்டிருந்தேன். அவ ஏறி வந்துட்டான்னு சொல்ல வாயெடுக்கறேன், பெரியவ முந்திக்கிட்டா. 'இல்ல அத்தை, அவ செத்துட்டா, பத்திரிகையில போட்டிருக்கு'ங்கறா. மேல பேச்சு வரலடா எனக்கு."

தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை.

"நான் சொன்னப்பல்லாம் ஏறி வந்துட்டுத்தான்டா இருந்தா" என்றாள். "நேத்து வரல."