தவிட்டுக்கு வாங்கிய வக்கீல்

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் என் அம்மா லூர்துமேரி, பக்கத்து வீட்டு ஹுசைன் பீயிடம் ஒரு முறம் தவிட்டுக்கு என்னை விற்றுவிட்டாள். எமனை ஏமாற்றும் வியாபாரம். பிள்ளை வளர்வதென்னவோ பெற்றவள் வீட்டில்தான், விற்பனை பெயருக்கு. ஆனால் பிள்ளையில்லாத ஹுசைன் பீ அதைப் பெயருக்கு என்று எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இரண்டு வீட்டிலும் சோறு, இரண்டு வீட்டிலும் அடி. இருவரையும் அம்மா என்றுதான் கூப்பிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் பி.ஏ. முடித்துவிட்டு, மேலே சட்டம் படிக்க வக்கில்லாமல் செஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். தோல் வியாபாரியான ஹுசைன் பீயின் வீட்டுக்காரர் ஓர் உயில் எழுதிவிட்டு மௌத்தாகியிருந்தார். செஞ்சிப் பிள்ளை ஒருவனை, எந்த மதமானாலும், மதராசில் சட்டம் படிக்க வைக்க வேண்டும். ஆனால் சொந்தக்காரப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

பனிக்காலையில் ராஜகிரிக் கோட்டை மலை அடிவாரம் இல்லாமல் மிதக்கும். அங்கே போய் நின்று பாறைகளிடம், "கனம் கோர்ட்டார் அவர்களே" என்பேன். போடாத கறுப்புக் கோட்டு காற்றில் படபடப்பது எனக்குக் கேட்கும். குறுக்கே பேசாத நல்ல நீதிபதிகள் அந்தப் பாறைகள். தவிட்டு விற்பனை செல்லாது, ஹுசைன் பீ எனக்கு யாருமில்லை என்று தினமும் அங்கே ஜெயித்தேன்.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பு, இறந்தவரின் தம்பி ஜகபர் அலிக்கு. நேர்மையான மனுஷர், அதுதான் தொல்லை. என்னையும் என்னைப் பெற்ற அம்மாவையும் அண்ணன் வீட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார்.

"ஊரே ஒன்ன எங்க அண்ணி புள்ளைன்னுது. நீ இன்னாப்பா சொல்ற, காஸ்பர்?"

திரைக்குப் பின்னால் ஹுசைன் பீ இருமினாள். பாறைகளிடம் பேசிய பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது.

"ஆமாங்க. அவங்க புள்ளதான்."

படிப்பு போச்சு என்று தெரிந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

"லூர்து!" திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்தத் தவிட்ட எடுத்தாந்து குடுத்துடு. யாவாரம் வாணாம்."

அம்மா திகைத்து நின்றாள். பிறகு வீட்டுக்கு ஓடி, முறத்தில் தவிடு கொண்டுவந்து திரைக்கடியில் தள்ளினாள். ஒரு கை அதை உள்ளே இழுத்துக்கொண்டது. ஜகபர் அலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிப்பு எனக்குத்தான் என்றார்.

மதராசுக்குக் கிளம்பும் அன்று ஹுசைன் பீயின் வாசலில் நின்று, "அம்மா, போய்ட்டு வரேன்" என்றேன்.

உள்ளே நடமாட்டம் நின்றது.

"லூர்து," என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள் ஹுசைன் பீ. "ஒம் புள்ள கூப்புடுறான். இன்னான்னு கேளு."