கல்கரிக்குப் புறப்பட்ட கார்

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு சாமான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகவேண்டுமென்றால் அதைத் தபாலில் போடமாட்டார்கள். அந்தப் பக்கம் போகிற ஆள் ஆரென்றுதான் முதலில் விசாரிப்பார்கள். பாரிசுக்குப் போகிறவரின் பெட்டியில் பாதி இடம் அவருடையதல்ல. கொழும்புக்குப் போகிறவர் முன்பின் பார்த்திராத மூன்று வீட்டுக்காரரின் பார்சல்களைச் சுமந்துகொண்டு விமானம் ஏறுவார். குடுத்து விடுவது என்று இதற்குப் பெயர். மருந்து, நகை, கருவாடு, கலியாணக் காட் எல்லாம் இப்படித்தான் ஊர் ஊராய்ப் போயின. வேரோனிக்கா ஒரு காரையே குடுத்து விட்டாள்.

அவளுக்கும் கணவன் லெஸ்லிக்கும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பதினெட்டு வருட வாழ்க்கை. லெஸ்லிக்கு, மேற்கே நாலு நாள் ஓட்டத்தில் இருக்கிற கல்கரியில் வேலை கிடைத்தது. செப்டெம்பரில் அவன் தன் வான் வண்டியை ஓட்டிக்கொண்டு முதலில் போய்விட்டான். வீட்டு விற்பனையை முடித்து, கட்டில் மேசை என்று தளபாடங்களை ஏற்றி அனுப்பிவிட்டு, நவம்பர் கடைசியில் வேரோனிக்கா விமானத்தில் போவதென்று ஏற்பாடு. மிஞ்சியது அவளுடைய கொரோலா. வீட்டின் இரண்டாவது கார். எட்டுப் பத்துக் கார்களை ஒன்றாகச் சுமந்து போகிற பெரிய றக்கில் அதை அனுப்புவதற்குப் பிறம்ரனில் ஒரு கொம்பனியிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

தளபாடம் ஏற்ற வந்தவர்கள் கராஜுக்குள் நாலு ரயர்களைக் கண்டு, இவையும் போகின்றனவா என்று கேட்டார்கள். பனிக்காலத்துக்கென்று பூட்டுகிற வின்ரர் ரயர்கள் அவை. வருடா வருடம் நவம்பர் பிறந்ததும் மாற்றிவிடுகிறவள் இந்த முறை மாற்றவில்லை. கார் றக்கின் முதுகில் குந்தியிருந்து போகப்போகிறது, அதற்கேன் இப்போது புதுச் செருப்பு என்று விட்டுவிட்டாள். ஏற்றச் சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம்.

ரயர்கள் போய் நாலாம் நாள் கார் கொம்பனி கையை விரித்தது. றக்கில் இடமில்லையாம், டிசெம்பர் நடுவில்தான் எடுக்க முடியுமாம். வீடு கைமாற ஒன்பது நாள் இருந்தது. புது வீட்டுக்காரர் தங்கள் இரண்டு கார்களோடு வந்து இறங்கப்போகிறார்கள். கொரோலாவை எங்கே விடுவது? லெஸ்லி தொலைபேசியில் எரிந்து விழுந்தான். வேரோனிக்கா, கல்கரிப் பக்கம் போகிற ஆள் ஆரென்று விசாரிக்கத் தொடங்கினாள்.

தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலுக்கே வருகிற கிளிபோட் அண்ணையின் ஒரே மகள் ஷரோன் கல்கரியில்தான் இருந்தாள். ஒக்டோபரில் அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்திருந்தது. கிளிபோட் மன்னார்க்காரர், ஐம்பத்தெட்டு வயது, பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் சாமான் தூக்கி அடுக்குகிற போக்லிஃப்ற் ஓட்டுகிறவர். பேத்தியை போனில் மட்டும் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்திருந்தார். பூசை முடிந்து வெளியே வருகிறவர்களை மறித்து மறித்துப் படம் காட்டுவார். ஏற்கெனவே பார்த்தவர்களுக்கும் காட்டுவார். டிசெம்பர் கடைசியில் நத்தாருக்கு மனைவி மரியம்மாவோடு விமானத்தில் போவதாக இருந்தது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் தேத்தண்ணியும் கையுமாக நின்றவரிடம் வேரோனிக்கா கேட்டாள்.

"அண்ணை, நீங்கள் கல்கரிக்கு எப்பிடியும் போறீங்கள்தானே. கொஞ்சம் முந்திப் போகேலாதோ? என்ர காரைக் கொண்டு போனீங்களெண்டா பிள்ளையை ஒரு மாதம் முந்திப் பாக்கலாம்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

"எனக்கு லீவும் கிடக்கு," என்றார். "முப்பது வருசமா இந்த நாட்டில இருக்கிறன், பரி ரவுணுக்கு அங்கால ஒண்டும் பாக்கேல்லை. வெயார்ஹவுசுக்குள்ள முன்னுக்கும் பின்னுக்கும் ஓடினது காணும். மரியம்மா, நீர் நத்தாருக்கு வாரும். நான் முந்திப் போறன்."

மரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. வாயைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

"பனி துவங்கிற நேரமெல்லே. நாலு நாள் ஓட்டம், அதுவும் தனிய," என்றவள் வேரோனிக்காவின் பக்கம் திரும்பினாள். "வின்ரர் ரயர் பூட்டியாச்சோ?"

வேரோனிக்காவுக்கு மறதி என்று நான் சொல்லித் தப்பவிடப்போவதில்லை. அவளுக்கு ஞாபகம் இருந்தது. கராஜிலிருந்து ரயர்கள் உருண்டு போனது கண்ணுக்குள் வந்தது. இல்லையென்றால் மரியம்மா விடமாட்டாள் என்று தெரிந்தது. புது ரயர் பூட்டலாம், ஆனால் நவம்பரில் ரயர்க் கடையில் நாள் எடுப்பதென்றால் பத்து நாள் காத்திருக்கவேண்டும். ரொறன்ரோவில் அன்றைக்கு நல்ல வெயில். தெருவில் ஒரு பொட்டுப் பனி இல்லை. இந்த ரயரோடேயே எத்தனை பேர் முழு வின்ரரும் ஓடுகிறார்கள், இவர் நாலு நாள்தானே ஓடப்போகிறார். இவ்வளவையும் அவள் ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் நினைத்து முடித்தாள்.

"ஓம் அக்கா, எல்லாம் பாத்தாச்சு," என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை கிளிபோட் புறப்பட்டார். கார் போகிறதென்று கேள்விப்பட்டு ஆட்கள் பார்சல்களோடு வந்து சேர்ந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கென்று மரியம்மா வறுத்து இடித்த காயச் சரக்கு, மிளகாய்த்தூள், இரண்டு பை கருவாடு, குட்டிக் கம்பளிச் சட்டைகள் எல்லாமாகப் பின்பக்கம் பூட்ட முடியாத அளவுக்கு நிறைந்துவிட்டது. கிளிபோட் தலைமயிருக்கு மை பூசியிருந்தார். பேத்தி தன்னைக் கிழவன் என்று நினைத்துவிடக் கூடாதாம். ஆறு கிழமைப் பிள்ளை என்னத்தை நினைக்கும் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் நாள் அவர் சுகமாக சோல்ற் செயின்ற் மேரி போய்ச் சேர்ந்து, ஏரியைப் படமெடுத்து அனுப்பினார். இரண்டாம் நாள் பின்னேரம், சுப்பீரியர் ஏரிக்கரை வீதியில், சரிவான ஒரு வளைவில் கார் வழுக்கி எதிர்ப்பக்கம் போய் ஒரு றக்கின் முன்னால் விழுந்தது. மதியத்திலிருந்து அங்கே பனி கொட்டியதாம். வீதி கண்ணாடி மாதிரி இருந்ததாம். அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்று மரியம்மாவின் வாசலுக்கு வந்த பொலிஸ்காரர் சொன்னார். துன்பப்பட்டிருக்கமாட்டார் என்றும் சொன்னார்.

ரயரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பொலிசும் கேட்கவில்லை, இன்சூரன்ஸ்காரரும் கேட்கவில்லை. ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் கட்டாயமில்லை. பனிக்காலத்தில் வீதி வழுக்குவதும் கார் சறுக்குவதும் உலகத்தில் நடக்காத விசயமா என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

ஷரோன் கைக்குழந்தையோடு பறந்து வந்தாள். செத்தவீட்டில் அவள் பிள்ளையைத் தூக்கிப் பெட்டிக்கு மேலே பிடித்து, "பப்பா, பாருங்கோ, கொண்டு வந்திட்டன்," என்றபோது அங்கே நின்ற ஆண்களும் விம்மினார்கள். வேரோனிக்கா சுவரோரமாய் நின்றாள். அப்போது மரியம்மா அவளிடம் வந்தாள். கட்டிப் பிடித்தாள்.

"உம்மட காரையும் பழுதாக்கிப்போட்டார் பிள்ளை," என்றாள். "மனசில வைச்சுக்கொள்ளாதையும்."

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வேரோனிக்காவால் கல்கரிக்குப் புறப்பட முடியவில்லை. விமான ரிக்கெற்றைத் தள்ளிப்போட்டாள். வீடு கைமாறியதும் ஒரு பெட்டியோடு மரியம்மாவின் அபார்ட்மென்றுக்கே போய்விட்டாள். பிள்ளைக்கு ஊசி போடும் தவணை வந்துவிட்டதென்று ஷரோன் திரும்பிப் போனபிறகு, இரண்டு பெண்களும் தனித்து இருந்தார்கள். வேரோனிக்கா சமைத்தாள், படிவங்களை நிரப்பினாள், வங்கிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் கூட்டிக்கொண்டு போனாள். பின்னேரம் ஐந்தரைக்கு, கிளிபோட் வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு, மரியம்மா கதவைப் பார்ப்பாள். பிறகு வேரோனிக்காவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு குரலெடுத்து அழுவாள். ஒவ்வொரு நாளும் அழுதாள். ஒவ்வொரு நாளும் வேரோனிக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சொந்தச் சகோதரி செய்யமாட்டாள் என்று கோயிலில் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கிறபோதெல்லாம் அவளுக்கு எங்கேயாவது ஓடி ஒளியவேண்டும் போலிருந்தது.

தளபாடங்கள் கல்கரியில் இறங்கிய அன்று லெஸ்லி போன் எடுத்தான்.

"வேரோனிக்கா, உந்த நாலு ரயரும் இஞ்சையெல்லே கிடக்கு?"

அவள் ஓமென்றாள்.

"இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்," என்றான். "சொன்னாப்போலை ஆள் எழும்பி வரப்போறாரோ? அந்த மனிசியை இன்னும் நோகடிக்கிறதுதான் மிச்சம்."

அவள் பங்குச் சுவாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். ஆண்டவர் மன்னித்துவிட்டார், சமாதானமாகப் போம் என்றார் சுவாமி. ஆண்டவர் மன்னித்ததை அவள் நம்பினாள். ஆனால் அவள் பொய் சொன்னது ஆண்டவருக்கா? அன்றைக்கும் ஐந்தரைக்கு மரியம்மா அவள் மடியில் படுத்து அழுதாள். சொல்லாமல் கல்கரிக்குப் போனால், இந்தத் தலையின் பாரம் சாகும்வரை மடியிலேயே இருக்கும் என்று வேரோனிக்காவுக்கு விளங்கியது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை வேரோனிக்காவுக்கு விமானம். மரியம்மா குசினியில் சட்டிகளைக் கழுவ, வேரோனிக்கா துடைத்து அடுக்கினாள்.

"நீர் இல்லாட்டி நானும் அவரோட போயிருப்பன்," என்றாள் மரியம்மா, கையிலிருந்த சட்டியைப் பார்த்தபடி. "சும்மா சொல்லேல்லை."

வேரோனிக்கா துவாயை மேசையில் வைத்தாள்.

"அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லும்."

"அண்ணை கொண்டு போன காருக்கு வின்ரர் ரயர் பூட்டேல்லை. அது தளபாடங்களோட கல்கரிக்குப் போட்டுது. நீங்கள் கேக்க நான் பொய் சொன்னனான்."

மரியம்மா தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். கையைத் துடைக்காமல் நின்றாள்.

"நான் கேக்கேக்கையே உமக்குத் தெரியுமோ? இல்லாட்டிப் பிறகுதான் ஞாபகம் வந்ததோ?"

பாவம், தப்பிப் போவதற்கு ஒரு வழியை மரியம்மாவே திறந்து விட்டாள். பிறகுதான் ஞாபகம் வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுதிருக்கலாம். அதைத்தான் மரியம்மா விரும்பினாள் என்று அவள் முகம் சொன்னது.

"கேக்கேக்கையே தெரியும்," என்றாள் வேரோனிக்கா.

மரியம்மா கதிரையை இழுத்து இருந்தாள். கத்துவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்றெல்லாம் வேரோனிக்கா எதிர்பார்த்திருந்தாள். அதற்கெல்லாம் தன்னைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தாள். மரியம்மா மெல்லிய குரலில்தான் பேசினாள்.

"இவ்வளவு நாளும் நான் கடவுளோடதான் கோவமா இருந்தன். அது பரவாயில்லை. அவர் வந்து எனக்குச் சமைச்சுத் தரேல்லை, என்ர முதுகைத் தடவேல்லை. நீரெல்லே தடவினீர். இனி நான் அதையும் நினைக்கவேணும். ஒவ்வொரு நாளும் என்னத்துக்குத் தடவினீர் எண்டு நினைக்கவேணும்."

"அக்கா..."

"உமக்குப் பாரம் இறங்கியிருக்கும். இறங்கட்டும். நான் ஆரிட்டைக் கொண்டு போய் இறக்கிறது? உம்மட்டைத்தானே இறக்கினனான். எனக்கு இஞ்சை வேற ஆர் இருக்கினம், சொல்லும்."

உண்மையைச் சொன்னால் ஒரு கணக்குத் தீரும் என்று வேரோனிக்கா நினைத்திருந்தாள். மரியம்மாவுக்குப் பக்கத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆளையும் அவளிடமிருந்து பறித்தெடுக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. ஏற்கெனவே ஒருவரைப் பறித்தாயிற்று.

"நாளைக்கு நீர் போகேக்கை நான் எழும்பமாட்டன்," என்று சொல்லிவிட்டு மரியம்மா எழுந்து அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள்.

வெளியே இருட்டியிருந்தது. மணி ஐந்தரையாயிற்று. அறைக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. இத்தனை நாள் பழக்கத்தில் வேரோனிக்கா தன்னை அறியாமல் எழுந்து கதவடிக்குப் போய்விட்டாள்.

"அக்கா," என்றாள்.

உள்ளே சத்தம் சட்டென்று நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு, இவள் அப்பால் போகட்டும் என்று மரியம்மா காத்திருப்பது கதவுக்கு வெளியே நன்றாகவே தெரிந்தது. வேரோனிக்கா திரும்பி வந்து குசினிக் கதிரையில் இருந்தாள்.