பக்கத்தில் கருந்துளை இல்லை

மாப்பிள்ளை கதிர்வீச்சில் ஆராய்ச்சி செய்கிறார் என்று தரகர் சொன்னதும் கனகலட்சுமி பயந்துபோனாள். இருங்காட்டுக்கோட்டையில் அவளும் மகள் வேல்விழியும் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரி கோவிந்தம்மா, எக்ஸ்ரே ரூமாண்ட நின்னாலே புள்ள பொறக்காதுன்றாங்க என்று தன் பங்குக்குச் சொல்லிவைத்தாள்.

அது 2013. ஒரு ஞாயிற்றுக்கிழமை இளம்பரிதி தனியாகவே பெண் பார்க்க வந்தான். கனகலட்சுமி வாசலோரம் காற்றோட்டமாக நாற்காலி போட்டு, காப்பியை எட்ட நின்றே நீட்டினாள். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வேல்விழிதான் பேச்சை ஆரம்பித்தாள். ஒரகடத்தில் பிரேக் டிஸ்க் செய்யும் கம்பெனியில் அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. டிஸ்க்கைத் தட்டினால் மணிபோல ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சுருதி மாறும், மைக் பிடித்துவிடும். அவன் முகம் மலர்ந்துவிட்டது. கருந்துளைமேல் ஏதாவது மோதினால் அதுவும் இப்படித்தான் அதிர்ந்து அடங்கும் என்றான். ஈர்ப்பு விசையும் குவாண்டம் விதிக்குக் கட்டுப்பட்டதென்றால் அந்தச் சுருதி கொஞ்சம் மாறவேண்டும். கருந்துளையிலிருந்து கசிகிற கதிர்வீச்சும் கொஞ்சம் மாறவேண்டும். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் நாலு வருஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

எவ்வளவு மாறும் என்று கேட்டாள். புள்ளிக்கு அப்புறம் எழுபது சைபருக்கு மேல் போகும் என்றான்.

"எங்க லைன்ல அதை ஓகேன்னு அனுப்பிருவோம்."

"எங்க கைடும் அதான் சொல்றாரு," என்றான் இளம்பரிதி. கோபப்படாமல் அவன் அதைச் சொன்ன விதம் அவளுக்குப் பிடித்துப்போனது.

கனகலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, அந்தக் கதிரு உங்க மேல படுமா? நாளைக்குப் புள்ளகுட்டின்னு வரணும்லா?"

அவனுக்குக் காது சிவந்துவிட்டது. தன் வேலை முழுக்கப் பேப்பரில்தான், பக்கத்தில் எங்கேயும் கருந்துளை இல்லை, அந்தக் கதிரை இதுவரை ஒருத்தரும் பார்த்ததுகூட இல்லை என்று நிதானமாக விளக்கினான். கருந்துளை பெரிதாக ஆக, கதிரின் சூடு குறைந்துகொண்டே போகும். வானத்தில் இருக்கிறவை ஐஸைவிடக் குளிர்ச்சி.

கனகலட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஒத்தடம் குடுக்கக்கூட ஆவாது," என்று சொல்லிவிட்டு, அவனை உள்ளே வந்து ஃபேனுக்கடியில் உட்காரச் சொன்னாள். கேசரி இரண்டாம் தடவையும் வந்தது.

பஸ் ஏற்றிவிட வேல்விழி நெடுஞ்சாலைவரை கூடவே நடந்தாள். தனக்குச் சம்மதம், ஆனால் வேலையை விடமாட்டேன் என்று அங்கேதான் சொன்னாள். அவன் தலையாட்டினான். பஸ்ஸுக்குக் கை காட்டவும் மறந்துபோனான். மூன்றாவது பஸ்ஸில்தான் ஏறினான், அதுவும் அவன் முதுகில் அவள் கை வைத்துத் தள்ளியதால்.