பிறை காணாத திகதி

விவசாயிகள் சங்கத்தின் இணையத்தளத்தைக் கவனிக்கும் றுமைஸ் பெருமைப்பட்டது, தானே எழுதிய ஒரு சிறு நிரல்துண்டை, ஒரு டெம்ப்ளேட் டேக்கை நினைத்துத்தான். ஒரு கண்டத்துக்கு, அதாவது ஒரு வயல்தொகுதிக்கு, தண்ணீர் திறக்கும் திகதியைக் கொடுத்தால், ‘இன்னும் நான்கு நாள்’ என்று பக்கத்தில் தானாகவே எழுதிவிடும்.

நோன்பு இருபத்தாறில் அந்தப் பக்கம் முழுதாக விழுந்தது. பத்துக் கண்டங்களில் ஒன்றுகூடத் தெரியவில்லை. கல்முனை அலுவலகத்தில் இருந்து றுமைஸ் தேடிப் பார்த்தபோது காரணம் அகப்பட்டது. வாய்க்கால் பொறுப்பிலிருந்த வட்டவிதானை சீனிமுகம்மது, ஒரு கண்டத்தின் திகதிப் பெட்டியில் ‘பெருநாளைக்கு அடுத்த நாள்’ என்று எழுதியிருந்தார். திகதியை எதிர்பார்த்த டேக், சொற்களைக் கண்டதும் செத்து, முழுப் பக்கத்தையும் விழுத்திவிட்டது.

றுமைஸ் பத்து நிமிடத்தில் ஒட்டுப் போட்டான். திகதி அல்லாத எது வந்தாலும் டேக் சத்தமில்லாமல் வெறுமையாக விட்டுவிடும். பக்கம் மறுபடி எழுந்தது.

பக்கத்து மேசை ஹுஸ்னியா வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். திரையை எட்டிப் பார்த்தாள்.

“காக்கா, அந்தக் கண்டத்துக்கு நேரே ஒண்டுமே இல்லியே. பாக்கிற ஆக்கள் தண்ணி வராதுண்டு நினைப்பாங்களே?”

“அவர் பிழையா எழுதினத்துக்கு நான் என்ன செய்ய? திகதியத்தானே கேட்ட.”

அவள் வட்டவிதானைக்குப் போன் எடுத்து, றுமைஸுக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“மாமா, அந்தத் தண்ணிக்குத் திகதி என்ன?”

“பிறை கண்டாத்தானே மகள் திகதி வரும்! பெருநாள் வெள்ளியா சனியாண்டே தெரியாது. நான் எப்பிடிப் பொய் எழுதுற?”

றுமைஸ் அந்தத் திகதிப் பெட்டியை மறுபடி திறந்து பார்த்தான். மனுசன் தெரிந்ததைத்தான் எழுதியிருக்கிறார்.

அஸர் தொழுகைக்கு முன்பே ஹுஸ்னியா டேக்கைத் திருத்தி முடித்தாள். திகதி வந்தால் நாட்களை எண்ணும். சொற்கள் வந்தால் அவற்றை அப்படியே காட்டிவிட்டு, அலுவலகத்துக்கும் ஒரு குறிப்பு அனுப்பும். பெட்டி வெறுமையாக இருந்தால் ‘வட்டவிதானையிடம் கேளுங்கள்’ என்று அவருடைய போன் இலக்கத்தைப் போடும். ஒரு கண்டத்தில் என்ன கோளாறு வந்தாலும் மற்ற ஒன்பதும் அசையாமல் நிற்கும். வெறும் இலக்கம், பட்டியல், பெப்ரவரி முப்பது என்று கண்டதையெல்லாம் கொடுத்துச் சோதித்தும் வைத்திருந்தாள்.

றுமைஸ் அவள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தான். கூடிப்போனால் இருபது வரிதான். ஓரிடத்திலாவது பிழை பிடிக்க மனம் ஆசைப்பட்டது, பிடிக்க முடியவில்லை. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

“ஹுஸ்னியா, என்ட மத்த டேக்கெல்லாத்தையும் ஒருக்காப் பாத்துத் தாறீங்களா?”

“ஓம் காக்கா. எதில கூடுதலாப் பயம்?”

“இப்ப எல்லாத்திலயுந்தான்.”