திரும்பிப் போன மோட்டார்

ஜான் பாஷாவின் கடையை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் பஸ் ஏறினேன். பின்னே என்ன? கிணற்று மோட்டார் புகைந்துபோய், எரிந்த கம்பிச்சுருளை மாற்றிக் கட்டக் கள்ளக்குறிச்சியில் அவரிடம் கொடுத்திருந்தோம். வியாழக்கிழமை ஊருக்கே அனுப்புகிறேன் என்றார். வரவில்லை. அன்றைக்குத்தான் இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்களின் சாலை மறியல் தொடங்கியது. ஒரு வாரம் ரோடெல்லாம் வெட்டிப் போட்ட மரம். சரி, மரத்தை அகற்றி பஸ் ஓடின பிறகுமா?

கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் நெல் வெளுத்துக்கொண்டிருந்தது. விழுப்புரம் காலேஜில் சேர்ந்த என் பிள்ளை தீனதயாளனுக்கு ஆஸ்டல் பணம் அந்த நெல்லில்தான் வரவேண்டும். என் வீட்டுக்காரர் வீரமுத்துவைப் போய்க் கேட்கச் சொன்னால், நாளைக்கு நாளைக்கு என்று நழுவினார்.

“இன்னா பாய், பயிரு பதராப் போய்க்கினு இருக்குது. மோட்டார வச்சிக்கினு இன்னா பண்றீங்க? நஷ்டத்த யாரு குடுக்கறது?”

கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஜான் பாஷாவுக்குக் கோபமே வரவில்லை. அதுவே எனக்கு எரிச்சல்.

“மரத்த எடுத்ததுமே ஆளு அனுப்பினேம்மா. நானே வந்து எடுத்துக்கறேன்னு சொல்லிவுட்டாரு ஒங்க வூட்டுக்காரரு. மின்னாடி நடந்தத நீயே சொல்லுடா” என்று, வண்டி ஓட்டும் மருமகன் சுபுஹானைக் கூப்பிட்டார்.

“வியாழக்கெழம விடிகாலையே ஏத்திக்கினு வந்தேம்மா. ஒங்க ஊரு முனையில புளியமரத்த வெட்டிப் போட்டுட்டாங்க. வண்டி வாணாம், மோட்டார மட்டும் தூக்கிக்கினு போறேன், வீரமுத்து வூட்டு மோட்டாரு, பயிரு காயுதுன்னு கெஞ்சினேன். கோடாலி வச்சிருந்தவரு வுடவே இல்ல. ஒருத்தனுக்கு வழி வுட்டா அல்லாருக்கும் வுடணும், திரும்பிப் போன்னுட்டாரு.”

“எவன் அவன்?”

“பேரு தெரியாதும்மா. பீச்சாங்கையால கோடாலி புடிச்சிருந்தாரு.”

எங்கள் ஊரில் பீச்சாங்கையால் கோடாலி பிடிக்கிறவர் ஒருவர்தான். அவருக்குத்தான் நான் இத்தனை வருடமாகச் சோறு போடுகிறேன். சுபுஹானின் முகத்தில் விழிக்க முடியாமல்தான் நழுவியிருக்கிறார்.

ஜான் பாஷாவுக்கு என் முகத்திலேயே தெரிந்திருக்கும். “கூலி வாணாம்மா, எடுத்துக்கினு போ” என்றார். வழக்கில் ஜெயித்துவிட்டேன். நாசமாய்ப் போகிற ஜெயம்.

மோட்டாரைப் பூட்டினோம். தண்ணீர் கொட்டியது. ஒரு கதிரை நசுக்கிப் பார்த்தேன். வெறும் உமி.

“ஏன்யா, நம்ம மோட்டாருன்னு தெரிஞ்சுமா திருப்பி அனுப்புன?”

“என் மோட்டாருக்கு மட்டும் வழி வுட்டா மத்தவன் எப்புடி நிப்பான்? அல்லாம் நம்ம தீனா படிப்புக்காவத்தான நின்னேன்” என்றவர் வரப்பில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அறையலாம் போல இருந்தது. கை வரவில்லை.

காலேஜ் திறந்துவிட்டதென்று தீனா பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தான். வயலுக்கு வந்து கதிரைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தான். நாங்கள் வீடு திரும்பியபோது பெட்டி உள்ளே போயிருந்தது.